பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுக்கு எந்த ஸ்பீக்கர்? – கேள்வி பதில்

ஹட்டன் பக்கம் முப்பது வருசம் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்தவன் நான். இப்போது கடை இல்லை. வீட்டின் பின்பக்கம் பாட்டு கேட்பதற்கென்றே ஒரு காம்பரா, அதில் இரண்டு ஸ்பீக்கர், ஒரு கதிரை. சின்ன அறைக்கு ஸ்பீக்கர் தெரிவு செய்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

தலவாக்கலையிலிருந்து: அண்ணே, புது வீட்டுல 10க்கு 12 அடியில ஒரு காம்பரா சும்மா கெடக்கு. பாட்டு கேக்க மட்டுந்தான். பெரிய டவர் ஸ்பீக்கர் ஒரு சோடி மலிவா வருது. எடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. இதே வேலையை நானும் செய்தேன். கண்டியில் ஒரு கடையில், இடுப்பு உயரத்துக்கு ஒரு சோடி வாங்கி, லொறியில் காலி மரக்கறிக் கூடைகளுக்கு நடுவே ஏற்றிக்கொண்டு வந்தேன். கடையின் பெரிய ஹோலில் கம்பீரமாக இருந்தது. என் அறையில் வைத்ததும் மிருதங்கம், பேஸ் கிட்டார், தப்பு எல்லாமே ஒரே ‘ங்கொம்’. அலுமாரிக் கண்ணாடி வேறு கூடவே பாடியது. மூன்று மாதத்தில் விற்றேன்.

ஸ்பீக்கரில் குறை ஒன்றும் இல்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் சில சுருதிகள் மட்டும் நின்று வீங்கும். எவை என்று கணக்குப் பார்ப்பது லேசு: ஒலியின் வேகத்தை, அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 15 பாகைக் குளிரில் வேகம் செக்கனுக்கு 340 மீற்றர். 12 அடி என்பது 3.66 மீற்றர், அதற்கு 46 ஹேர்ட்ஸ் வரும். 10 அடிக்கு 56. எட்டடி உயர சீலிங்குக்கு 70. இந்த அளவு அறையில் ஏறக்குறைய 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஸ்பீக்கரைவிட அறைதான் கூடப் பேசும்.

டவர் 35, 40 வரை இறங்கி, அறை ஏற்கெனவே வீங்கிக் கிடக்கிற இடத்தில் இன்னும் ஊதும். 5 அல்லது 6 அங்குல வூஃபர் (பேஸ் கொடுக்கும் பெரிய கோன்) போட்ட சின்னப் பெட்டி 60 பக்கத்திலேயே தணியத் தொடங்கும். அது விட்ட இடத்தை அறை தூக்கிக் கொடுக்கும். மலிவாக வருகிறதென்றால் வாங்கி ஹோல் இருக்கிறவருக்கு விற்றுவிடுங்கள்.

பண்டாரவளையிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, நான் கேட்பது கர்நாடகக் கச்சேரியும் எண்பதுகளின் திரைப்பாட்டும். சின்ன ஸ்பீக்கரில் பேஸ் இல்லாமல் போய்விடாதா?

டீச்சர், கச்சேரிக்குக் கவலையே வேண்டாம். ஆண் குரலின் அடிச் சுருதிகூட பெரும்பாலும் 100 ஹேர்ட்ஸை ஒட்டித்தான். 60 வரை ஒழுங்காக இறங்கும் பெட்டியில் வாய்ப்பாட்டும் வீணையும் மிருதங்கமும் முழுசாக நிற்கும். எண்பதுகளின் திரைப்பாட்டில் பேஸ் கிட்டார் ஓடும், அதன் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹேர்ட்ஸ். அந்த 41 பலவீனமாக வந்தாலும் அதோடு 82, 123 என்று மேல் சுருதிகள் வரும். அவற்றைக் கொண்டு காது அடிச் சுருதியைத் தானே ஊகித்துக்கொள்ளும். நெஞ்சில் இடிக்காது, ஆனால் மெட்டு தவறாது.

சின்னப் பெட்டியைக் குறைவாக நினைக்க வேண்டாம் என்பதற்கு ஒரு கதை. பிபிசிக்காரர்கள் 1970களின் தொடக்கத்தில் எல்எஸ்3/5ஏ என்று ஒரு ஸ்பீக்கர் வடிவமைத்தார்கள். வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள், முழங்கை இடிக்கிற இடத்தில், அறிவிப்பாளர் குரல் சரியாகப் போகிறதா என்று கேட்பதற்காக. உயரம் 30 சென்ரிமீற்றர்தான், மூடிய பெட்டி, உள்ளே கெஃப் கம்பனியின் 5 அங்குல வூஃபர். பேஸ் என்று சொல்ல அதில் பெரிதாக எதுவும் கிடையாது. ஆனால் மனிதக் குரல் அதில் வருகிற மாதிரி வந்து நான் கேட்டது குறைவு. ஐம்பது வருசம் தாண்டியும் அதன் வழியில் செய்த ஸ்பீக்கர்கள் விற்கின்றன. உங்கள் அறையும் ஒரு வண்டி மாதிரித்தானே.

மஸ்கெலியாவிலிருந்து: பின்னால ஓட்டை இருக்கிறது நல்லதா, மூடினது நல்லதா?

ஓட்டை என்று நீங்கள் சொல்வது போர்ட். போர்ட் இருந்தால் பேஸ் கொஞ்சம் கீழே வரை போகும், பிறகு செங்குத்தாக விழும்: ஒக்டேவுக்கு, அதாவது ஹேர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 24 டெசிபல். மூடிய பெட்டி முன்கூட்டியே இறங்கத் தொடங்கி 12 டெசிபலில் மெதுவாகச் சரியும். இந்த மெதுவான சரிவுதான் சின்ன அறைக்குப் பொருந்தும், ஏனென்றால் அறை கொடுக்கிற தூக்கலும் கீழே போகப் போகக் கூடும். என் ஓட்டு மூடிய பெட்டிக்கு. அது கிடைப்பது அரிது என்பதால் முன்பக்கம் போர்ட் உள்ளதைப் பாருங்கள். பின்போர்ட் ஏற்கெனவே வாங்கியாயிற்றா? ஒரு பருத்திக் காலுறையைச் சுருட்டிப் போர்ட்டில் செருகிக் கேளுங்கள். சிரிக்க வேண்டாம், சில கம்பனிகள் பெட்டிக்குள்ளேயே ஒரு ஸ்பொஞ்ச் உருளை போட்டுத் தருவது இதே காரியத்துக்குத்தான்.

கொட்டகலையிலிருந்து: எங்கே வைப்பது, எங்கே உட்காருவது? சுவரோடு ஒட்டி வைத்தால் கெடுதலா?

அதிகம் பிழை நடப்பது இதில்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நீளப்பக்கம் பார்த்து வையுங்கள். 10 அடிச் சுவர் உங்கள் முன்னால் வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஆறடி என்றால், உங்கள் தலைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய அதே ஆறடி. உயர்ந்த சுருதி கொடுக்கும் சின்னக் கோன், அதாவது ட்வீட்டர், காது மட்டத்தில். ஸ்டாண்ட் வாங்கக் காசில்லையென்றால் சிமெந்துக் கல்லை அடுக்கி மேலே ஒரு பலகை போட்டு, பெட்டிக்கு அடியில் நாலு மூலையிலும் ரப்பர் துண்டு வையுங்கள். என்னுடையது இன்றும் அப்படித்தான் நிற்கிறது, மருமகள் மட்டும் துணி போட்டு மறைத்திருக்கிறாள்.

ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலி, நேர் ஒலியோடு மோதி ஒரு சுருதியைத் தின்னும். ஸ்பீக்கர் முகத்துக்கும் அந்தச் சுவருக்கும் இரண்டடி என்றால் 140 ஹேர்ட்ஸ் பக்கம் குழி விழும், மூன்றடி என்றால் 93 பக்கம். குரலின் கனம் இருக்கிற இடமே அதுதான். நாலு அங்குலம், ஐந்து அங்குலம் என்று தள்ளித் தள்ளிக் கேட்டால் ஓர் இடத்தில் பாடகருக்கு நெஞ்சு வந்துவிடும். ஒட்டி வைத்தால் குழி உயர்ந்த சுருதிக்குப் போய்விடும், ஆனால் பேஸ் தூக்கும். மூடிய சின்னப் பெட்டி அதைத் தாங்கும், போர்ட் பெட்டி தாங்காது.

கதிரையை மட்டும் உங்கள் முதுகுப் பக்கச் சுவரோடு போடாதீர்கள், அங்கேதான் எல்லாப் பேஸும் குவியும். நட்டநடுவிலும் வேண்டாம், அங்கே அந்த 46 ஹேர்ட்ஸ் காணாமல் போய்விடும். முதுகுப் பக்கச் சுவரிலிருந்து நாலரை அடியில் தொடங்கி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். பிடித்த இடம் கிடைத்ததும் கதிரைக்கால் நிற்கும் இடத்தைச் சோக்கால் குறியுங்கள். இல்லாவிட்டால் வீடு கூட்டுகிறவர்கள் மறுநாளே மாற்றிவிடுவார்கள்.

பதுளையிலிருந்து: எனது அறை 10க்கு 10. சரியான சதுரம்.

இரண்டு பக்கமும் அதே 56 ஹேர்ட்ஸில் வீங்கும், அதுதான் சிக்கல். ஒரு பக்கச் சுவரை முழுக்க மறைத்து, ஓர் அடி ஆழமான புத்தகத் தட்டு அடித்து நிரப்புங்கள். கூடவே இரண்டு மூலைகளில் தரையிலிருந்து சீலிங் வரை ரொக்வூல் என்ற கனிமப் பஞ்சு, நாலு அங்குலத்துக்குக் குறையாமல், துணியால் நன்றாக மூடி. நார் மூச்சில் போகக் கூடாது.

நோர்வூட்டிலிருந்து: முட்டைத் தட்டு ஒட்டினால் சத்தம் வெளியே போகாதாமே?

போகும். முட்டைத் தட்டு உயர்ந்த சுருதியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவே. நெருப்புப் பிடித்தால் சுவர் முழுக்க எரியும். கை தட்டிப் பாருங்கள். சிமெந்து நிலமும் சிமெந்துச் சுவரும் என்றால் ‘ட்ரிங்’ என்று ஒரு வால் வரும். அதற்குத் தடித்த கம்பளம் ஒன்று, பக்கச் சுவரில் இரண்டு தடித்த திரை போதும். திரை எங்கே என்று கண்டுபிடிக்க ஒருவரைச் சுவரோரம் கண்ணாடி பிடித்து நடக்கச் சொல்லுங்கள். உங்கள் கதிரையிலிருந்து கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் அது.

லிந்துலையிலிருந்து: நாங்கள் இருப்பது தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில். பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வராமல் கேட்க வழி?

பல பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரை ஏறாது. உங்கள் பேஸ் தகரத்துக்குக் கீழே அப்படியே நாலு காம்பரா தாண்டும். எந்த ஸ்பீக்கரும் இதற்கு மருந்தில்லை. சின்னப் பெட்டியை ஒரு கை தூரத்தில், மேசைமேல், மெதுவான சத்தத்தில் கேளுங்கள். கிட்ட இருந்தால் அறையின் பங்கும் குறையும். இரவு வேலை முடிந்து வந்து தூங்குகிறவர் பக்கத்தில் இருந்தால் ஹெட்போன்தான்.

நுவரெலியாவிலிருந்து: சேர், இவ்வளவு உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் ஸ்பீக்கர் சத்தம் குறையுமா? ஈரத்தால் கெட்டுப்போகுமா?

முதல் கேள்வி எனக்குப் பிடித்தது. உங்கள் ஊர் 1,868 மீற்றரில் இருக்கிறது, காற்று ஐதுதான். அதனால் ஓரிரு டெசிபல் குறையலாம். வொலியூமை ஒரு மயிரிழை கூட்டினால் முடிந்தது. ஒலியின் வேகம் உயரத்தைப் பார்க்காது, குளிரைத்தான் பார்க்கும்.

ஈரம்தான் உண்மையான எதிரி. வூஃபரின் ஓரத்தில் வளையம் ஒன்று இருக்கிறதல்லவா, அது ஸ்பொஞ்சா ரப்பரா என்று முதலில் பாருங்கள். ஸ்பொஞ்ச் வளையம் நம் பக்கத்தில் நீண்ட காலம் நிற்காது. ஒருமுறை வலைத்துணியைக் கழற்றி விரலால் லேசாகத் தொட்டேன். தேத்தண்ணியில் ஊறிய மாரி பிஸ்கட் மாதிரி விரலோடு வந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் புத்தம் புதுசு. ஆகவே ரப்பர் வளையம், பொலிப்ரொப்பிலீன் கோன் என்றால் நல்லது. வெளிச்சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், தினமும் அரை மணி நேரமாவது பாட விடுங்கள். வலைத்துணியில் பூஞ்சணம் பிடித்தால் கழற்றி வெயிலில் போடலாம், வெயில் வந்தால்.

ஹப்புத்தளையிலிருந்து: ஜப்பானிலிருந்து வந்த பழைய செட் எடுக்கலாமா?

ஸ்பீக்கர் என்றால் வளையம் பார்த்து எடுங்கள். கோனை நாலு விரலால் சமமாக மெல்ல அமுக்குங்கள், உள்ளே கரகரப்பு இருந்தால் கொயில் உரசுகிறது, விட்டுவிடுங்கள். ஆம்ப்ளிஃபயர் என்றால் பின்பக்கம் திருப்பி எழுத்தை வாசியுங்கள். ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. ட்ரான்ஸ்போமர் இல்லாமல் குத்தினால் புகைதான். என் மேசைக்கு அப்படி வந்தவற்றை எண்ணி முடியாது.

பொகவந்தலாவையிலிருந்து: 30 வாட் ஆம்ப்ளிஃபயர் போதுமா?

ஒரு வாட்டில் 86 டெசிபல் என்று போட்ட ஸ்பீக்கருக்கு 30 வாட் கொடுத்தால் இன்னும் 15 டெசிபல். இரண்டு ஸ்பீக்கர், ஆறடித் தூரம் எல்லாம் கூட்டிக் கழித்தால் உச்சத்தில் 98, 99 வரும். உங்கள் அறைக்கு அதற்குமேல் காதுக்குக் கெடுதி. 82, 83 டெசிபல் பெட்டி என்றால் மட்டும் 50 வாட் பாருங்கள்.

வெலிமடையிலிருந்து: விலை கூடிய கேபிள்?

தடித்த செப்புக் கம்பி போதும். மிச்சக் காசுக்குக் கம்பளம் வாங்குங்கள்.

மஸ்கெலியாத் தம்பி மறுபடியும்: மழை நேரம் தகரக் கூரைச் சத்தத்தில் ஒண்ணும் கேக்கல. இன்னும் பெரிய ஸ்பீக்கர் வேணுமா?

மழையோடு போட்டி போட முடியாது, தம்பி. தகரத்துக்குக் கீழே நாலு அங்குல ரொக்வூல், அதற்குக் கீழே இரண்டு தட்டு ஜிப்சம் பலகை அடித்தால் பாதி அடங்கும். கூரை எஸ்பெஸ்டஸ் என்றால் துளை போடவோ அறுக்கவோ வேண்டாம், தூசி நுரையீரலுக்கு ஆபத்து. அதற்கும் வசதியில்லையா, உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை பெரிய மழை, அப்போது விடியற்காலை ஐந்து மணியைப் பாருங்கள். மழை விட்டிருந்தால் அதுதான் பாட்டு கேட்கும் நேரம். தோட்டத்தில் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைக்கும். இடி கேட்டால் மட்டும் ப்ளக்கைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது.