ரயிலில் ஒரு ராத்திரி

அன்புள்ள ஐயா,

போன வாரம் மதுரையிலிருந்து சென்னைக்கு இரவு ரயிலில் வந்தேன். எதிர் பெர்த்காரர் 11.30 மணிக்கும் போனில் சத்தமாக ரீல்ஸ் ஓடவிட்டுக்கொண்டிருந்தார். "கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க தம்பி" என்றேன். "நானும் காசு குடுத்துத்தான் வர்றேன். தொந்தரவா இருந்தா பிளைட்ல போய்யா" என்றார். எனக்கு 61 வயது. சுற்றி இருந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நம் ஜனங்களுக்கு நாகரிகமே கிடையாதா? கேட்டது என் தப்போ?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

கேட்டதில் தப்பே இல்லை. ரயில்வே கணக்கில் இரவு 10 முதல் காலை 6 வரை தூங்கும் நேரம். 10 மணிக்கு மேல் இயர்போன் இல்லாமல் பாட்டுப் போடக் கூடாது என்று 2022இல் தனியாகவே அறிவுறுத்தினார்கள். டி.டி.ஆரிடம் சொல்லலாம், ரயில்வே உதவி எண் 139க்கு போன் அடிக்கலாம். அந்தத் தம்பி வாங்கிய டிக்கெட் ஒரு பெர்த்துக்குத்தான், மற்றவர்கள் தூக்கத்துக்கு இல்லை.

ஆனால் நம் ஜனங்களுக்கு நாகரிகமே இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். அதே பெட்டியில் முன்பின் தெரியாத பாட்டிக்கு லோயர் பெர்த்தை விட்டுக்கொடுத்து மேலே ஏறுபவர்கள் இருக்கிறார்கள். "பெட்டியைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றால் நம்பிக்கையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். மிடில் பெர்த்தைப் போடும் முன் கீழே உட்கார்ந்திருப்பவரிடம் "படுக்கலாமா?" என்று கேட்கிறோம். இதையெல்லாம் யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தரவில்லை. பல வருஷம் சேர்ந்து பயணம் செய்து, ஒருவரையொருவர் கேட்டும் கண்டித்தும் வந்த வழக்கம். ரீல்ஸ் ஓடும் போன் நேற்றுத்தான் வந்தது. அதற்கு இன்னும் வழக்கம் உண்டாகவில்லை.

அதனால்தான் அந்தத் தம்பியைவிட, சும்மா இருந்த மற்றவர்கள்மீதுதான் எனக்கு வருத்தம் அதிகம். அவர்களுக்கும் தூக்கம் கெட்டிருக்கும். வயதில் பெரியவர் ஒருவர் அவமானப்படுவதைப் போர்வைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கேட்டால் அது சண்டை மாதிரி ஆகிவிடுகிறது. இன்னொருவர் எழுந்து "ஆமாப்பா, எங்களுக்கும் கேக்குது" என்றால், பெரும்பாலும் போன் அணைந்துவிடும். அதட்ட வேண்டியதில்லை, சாதாரணமாகச் சொன்னாலே போதும்.

நீங்கள் அடுத்த முறையும் கேளுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களிடம் நான் கேட்பது: பக்கத்து பெர்த்தில் யாராவது இப்படிக் கேட்டால், இரண்டாவது ஆளாக நீங்கள் பேசுங்கள்.