கேள்வி – பதில்: டிப்போ டயரும் தெருத் தொட்டியும்

கேள்வி: நகராட்சி சுகாதார அலுவலராக இருக்கிறேன். டெங்கு தடுப்பு ஒருங்கிணைப்பும் என் பொறுப்பு. பள்ளி, அரசு மருத்துவமனை, பஸ் டிப்போ எதுவும் எனக்குக் கீழ் இல்லை. கூட்டத்தில் எல்லோரும் "செய்துவிடுகிறோம்" என்கிறார்கள். அடுத்த கூட்டத்திலும் அதே டயர் அதே இடத்தில் கிடக்கிறது. என்ன செய்வது?

பதில்: கூட்டக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். "வளாகத்தைத் தூய்மையாக வைக்க அறிவுறுத்தப்பட்டது" என்றுதான் இருக்கும். அப்படி எழுதினால் அது யாருடைய வேலையும் ஆகாது. "பின்சுவர் ஓரம் 14 டயர்கள், புதன் மாலைக்குள் கூரைக்கு அடியில், பொறுப்பு ஸ்டோர் கீப்பர், வியாழன் காலை 10 மணிக்கு நம் பணியாளர் வந்து பார்ப்பார்" என்று எழுதுங்கள். துறைப் பெயர் வேண்டாம், பதவிப் பெயர் வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர நம் வெப்பத்தில் 7 முதல் 10 நாள் போதும். அதனால் கூட்டம் வாரம் ஒருமுறை நடந்தே ஆக வேண்டும். பதினைந்து நாள் தள்ளிப்போனால் ஒரு தலைமுறை பறந்துவிடும். டயரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது.

மருத்துவமனைக் காய்ச்சல் பட்டியல்தான் உங்களுக்கு உயிர்நாடி. அது தாமதமாக வரும், அல்லது பாதி முகவரியோடு வரும். நோயாளி சொந்த ஊர் முகவரியைச் சொல்லியிருப்பார், படுத்திருப்பதோ அக்கா வீட்டில். கதவு எண், அடையாளம், செல்போன், காய்ச்சல் தொடங்கிய தேதி நான்கையும் கேளுங்கள். முதல் 5 நாளில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1, அதன் பிறகு உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் என்று சோதனையே அந்தத் தேதியைப் பொறுத்துத்தான். ஏடிஸ் பகலில் கடிப்பது. ஆகவே பகலில் எங்கே இருந்தார் என்பதையும் கேளுங்கள். வீட்டைச் சுற்றித் தேடிவிட்டு அவர் வேலை செய்யும் பட்டறையை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

தனியார் லேப் தகவல் தர யோசித்தால் எடுத்த எடுப்பில் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். தினமும் மாலை 5 மணிக்கு ஒரே பணியாளரை நேரில் அனுப்புங்கள். "நீங்கள் சொன்ன தெருவில் 6 வீடுகளில் கொசுப் புழு கிடைத்தது" என்று மறுநாள் அவரே போய்ச் சொல்லட்டும். கொடுத்த தகவலுக்குப் பலன் தெரிந்தால் அடுத்த தடவை அவர்களே கூப்பிடுவார்கள்.

கேள்வி: தினமும் புகை அடிக்கச் சொல்லி வார்டு கவுன்சிலர் வற்புறுத்துகிறாரே?

பதில்: புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தொட்டிப் புழுவைத் தொடாது. நோயாளி வீட்டைச் சுற்றி அடிப்பதோடு நிறுத்துங்கள். கவுன்சிலரை அழைத்துப்போய் ஒரு தொட்டியில் டார்ச் அடித்துக் காட்டுங்கள். நெளியும் புழுவைப் பார்த்தவர் வீடு வீடாக உங்களோடு வருவார். தொட்டித் தண்ணீரில் ஊற்றும் புழுக்கொல்லி மருந்தான அபேட்டின் அளவு, 50 சதவீத மருந்தானால் 1000 லிட்டருக்கு 2 மி.லி. கண்ணளவில் ஊற்ற விடாதீர்கள்.

கூட்டத்துக்குக் குடிநீர் வால்வு திறப்பவரையும் கூப்பிடுங்கள். எந்தத் தெருவுக்கு எந்த நாள் தண்ணீர் வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். அதற்கு முந்தைய நாள் தொட்டி அடிமட்டத்தில் இருக்கும்; தேய்த்துக் கழுவச் சொன்னால் வீட்டுக்காரர்கள் மறுக்க மாட்டார்கள்.