ஊசியும் நூலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்குச் சிறுவயதிலிருந்தே தையல்தான் உயிர். சிங்கப்பூரில், ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் இருக்கிறேன். மகளும், தெம்பனிஸில் இருக்கும் என் அக்காவும் சேர்ந்து தைத்துக் கொடுக்கலாம் என்கிறார்கள். அனுமதி வாங்க வேண்டுமா? பணிப்பெண் ஊக்கு தைக்க உதவலாமா?

பதில்: வீட்டிலிருந்து செய்யக்கூடிய சிறுதொழில்கள் என்று வீவக ஏற்றுக்கொண்டவற்றில் தையலும் உண்டு, தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் வேலை செய்பவர்கள் அந்த வீட்டில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும். மகள் உங்களோடு இருந்தால் சிக்கல் இல்லை. அக்கா தினமும் வந்து உட்கார்ந்து தைப்பது சரிப்படாது. நீங்கள் வெட்டிய துணியை அவர் தம் வீட்டிலேயே தைத்து அனுப்பட்டும். இரண்டு பேரும் ஒரே அளவு அட்டையைப் பயன்படுத்துங்கள். வாசலில் பெயர்ப்பலகை கூடாது. தொழிற்சாலை இயந்திரங்களும் கூடாது, சாதாரண வீட்டு இயந்திரமும், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் சிறிய ஓவர்லாக்கும் போதும். அவற்றின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டால் கீழ்வீட்டுக்காரருக்கு அதிர்வு போகாது.

பணிப்பெண் வேண்டவே வேண்டாம், ஒரு ஊக்குக்குக்கூட. வீட்டுவேலைக்கான அனுமதியில் வந்தவரை வியாபார வேலையில் ஈடுபடுத்துவது மனிதவள அமைச்சின் விதிகளுக்குப் புறம்பானது.

அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே நீங்கள் தொழில் செய்தால், தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான ஏக்ராவில் பதிய வேண்டியதில்லை. கடைக்கென்று தனிப்பெயர் வைத்தால் பதிய வேண்டும்.

கேள்வி: லைனிங் (உள்துணி) வைத்த ரவிக்கைக்கு 30 வெள்ளி வாங்குகிறேன். நாள் முழுக்கத் தைத்தும் கையில் ஒன்றும் நிற்பதில்லையே? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: கணக்கைப் பாருங்கள். அளவெடுத்துப் பேச அரை மணி, வெட்ட முக்கால் மணி, தைக்க இரண்டரை, ஊக்கும் கைத்தையலும் முக்கால். மொத்தம் 4½ மணி நேரம். லைனிங், நூல், ஊக்கு எல்லாம் 7 வெள்ளி என்று கொண்டால் மிச்சம் 23 வெள்ளி. மணிக்கு ஐந்து வெள்ளிதான். மணிக்கு 12 என்று வைத்தால் உழைப்புக்கு 54, பொருளுக்கு 7, திருத்தி அனுப்பும் வேலைக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் ஏறத்தாழ 67 வெள்ளி. இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். தேக்கா கடைகளில் (லிட்டில் இந்தியா) என்ன விலை என்று வாடிக்கையாளரும் சொல்வார். அந்த விலையோடு மல்லுக்கட்டாதீர்கள். எளிய ரவிக்கையை விட்டு, கழுத்து வேலைப்பாடு, பழைய ரவிக்கையைப் பெரிதாக்குதல், புடவையின் அடி ஓரத்தில் ஃபால் துணி வைத்து ஓரம் அடித்தல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுதிக் காட்டுங்கள். உறவுக்காரர்களுக்கும் அதே விலைப்பட்டியல்தான்; தள்ளுபடி வேண்டுமானால் கொடுங்கள், ஆனால் அதையும் எழுதுங்கள். பாதிப் பணம் முன்பணமாக வராமல் துணியை வெட்ட வேண்டாம்.

கேள்வி: பட்டில் தையல் சுருங்குகிறது, நடுநடுவே தையல் விட்டும் போகிறது. (புக்கிட் பாத்தோக் வாசகி)

பதில்: பெரும்பாலும் ஊசிதான் காரணம். 14ஆம் எண் ஊசி பட்டின் இழைகளைத் தள்ளிக்கொண்டு போகும், அதனால் சுருக்கம் வரும். மெல்லிய பட்டுக்கு 9, சற்றுக் கனமானதற்கு 11 போடுங்கள். சரிகையில் குத்திக் குத்தி முனை சீக்கிரம் மழுங்கும். பட்டுப்புடவை ரவிக்கை இரண்டு மூன்று முடிந்ததும் மாற்றிவிடுங்கள். தையல் விட்டுப்போவது மழுங்கிய ஊசியாலோ, ஊசியை முழுக்க மேலே ஏற்றாமல் இறுக்கியதாலோ வரும். மேல்நூலின் டென்ஷனையும் (இறுக்கம்) ஒருபடி தளர்த்துங்கள், தையல் நீளம் 2 மி.மீ. போதும். அப்படியும் சுருங்கினால் துணிக்கு அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் முதலில் வெட்டி எறியும் ஓரத்துண்டில் சோதித்துப் பாருங்கள். வாடிக்கையாளரின் பட்டு, பரிசோதனைக்கூடம் அல்ல.

பருத்தி லைனிங்கை வெட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் நனைத்து, காயவைத்து, தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் உள்துணி சுருங்கி, மேல்துணி பொங்கி நிற்கும். பக்கத்தையலில் ஒன்றரை அங்குலம் விட்டுவையுங்கள். அடுத்த தீபாவளிக்கு அதே ரவிக்கை பிரித்துத் தைக்க வரும். அளவெடுக்கும்போது, அந்த ரவிக்கையோடு உடுத்தப்போகும் உள்ளாடையோடு வரச் சொல்லுங்கள். மார்பளவு மாறினால் டாட் (வடிவத்துக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையல்) இடம் மாறிவிடும்.

இங்கே ஈரப்பதம் அதிகம். பட்டை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். இயந்திரத்தில் அடிநூல் இருக்கும் பாபின் பெட்டியில் சேரும் பஞ்சைத் தினமும் தூரிகையால் எடுத்துவிடுங்கள், பிறகு இரண்டு சொட்டு எண்ணெய்.

கேள்வி: தீபாவளிக்கு முன் எவ்வளவு வேலை ஏற்கலாம்? வரி கட்ட வேண்டுமா?

பதில்: வாரத்துக்கு எத்தனை ரவிக்கை முடிகிறதோ அதில் முக்கால் பங்கை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், திருத்தங்கள் மிச்சத்தை விழுங்கிவிடும். புது வேலை வாங்குவதைப் பண்டிகைக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே நிறுத்துங்கள். தைத்துச் சம்பாதித்ததை வருமானவரிப் படிவத்தில் காட்டியாக வேண்டும். ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருங்கள், பேநவ் (கைப்பேசி வழிப் பணமாற்று) வழியாக வந்த பணத்தையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) சந்தாவும் உண்டு.