பாட்டி சொன்னதைப் பாட்டிதான் மாற்றிச் சொல்ல வேண்டும்

கேள்வி: எனக்கு ஐந்து வயதில் ஒரு மகள், யுகேஜி படிக்கிறாள். இரண்டாவது பிள்ளைக்கு ஏழு மாதம் முடிந்து, வளைகாப்பும் ஆன பிறகு அசைவு நின்றுவிட்டது. ஸ்கேனில் இதயத்துடிப்பு இல்லை என்றார்கள். இறந்தே பிறந்தான். கணவரும் மாமனாரும் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். எனக்கு முகம்கூடக் காட்டவில்லை. மகளிடம் “பாப்பா ஆஸ்பத்திரியில் தூங்குது” என்று கணவரும், “சாமி எடுத்துக்கிச்சு” என்று மாமியாரும் சொல்லியிருக்கிறார்கள். முதல் வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள், இப்போது கேட்பதில்லை. முன்பெல்லாம் “அம்மா வயித்துல ஏறாதே, பாப்பாவுக்கு அடிபடும்” என்று மாமியார் விரட்டிக்கொண்டே இருப்பார். இப்போது அவளாகவே என் மடிக்கு வருவதில்லை; எனக்கும் உடம்பு முடியாததால் அது ஒரு வகையில் வசதிதான். ஆபீஸில் ஆறு வாரத்தில் வரச் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளை, தானாக மறந்துவிடும் என்கிறார்கள் வீட்டில். நான் தேறும்வரை அவளை என் அம்மா வீட்டில் விடட்டுமா? உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவாளா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: “ஒரு வகையில் வசதிதான்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் திரும்பப் படியுங்கள் அம்மா. மடியை விட்டு இறங்காத பிள்ளை மடிக்கே வருவதில்லை. ஏன் என்று ஒருவராவது அவளைக் கேட்டீர்களா?

நான் சொல்கிறேன். உங்கள் வயிற்றில் ஏறினால் பாப்பாவுக்கு அடிபடும் என்று அவளுக்கு மாதக்கணக்கில் சொல்லி வந்தீர்கள். அவளும் ஏறியிருப்பாள், ஐந்து வயதுப் பிள்ளை ஏறாமல் இருக்குமா? பிறகு ஒருநாள் வயிறு காலியாகிவிட்டது, பாப்பா வரவில்லை, வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள். பெரியவர்கள் யாரும் காரணம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே காரணம் பாட்டி முன்கூட்டியே சொல்லிவைத்தது. தன்னால்தான் தம்பி போய்விட்டான் என்று அந்தப் பிள்ளை நம்பிக்கொண்டிருக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. கேள்வி கேட்பதை நிறுத்தியதை மறதி என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது குற்றவாளியின் மௌனமாகத் தெரிகிறது.

இந்த வயதில் பிள்ளைகள் அப்படித்தான் யோசிக்கும். தான் நினைத்ததும் சொன்னதும் செய்ததும்தான் உலகத்தை நடத்துகிறது என்று நம்பும். “எனக்குத் தம்பி வேண்டாம்” என்று என்றைக்காவது கோபத்தில் சொல்லியிருந்தால் அதையும் மனதில் போட்டுக் குமைந்துகொண்டிருப்பாள். ஆகவே அவளுக்கு முதலில் தெரிய வேண்டியது, சாவு என்றால் என்ன என்பதுகூட இல்லை. “நீ செஞ்ச எதனாலயும் இல்ல, நீ நினைச்ச எதனாலயும் இல்ல” என்பதுதான்.

உண்மையும் அதுதானே. கர்ப்பப்பையின் சதைச் சுவர், பனிக்குட நீர் எல்லாவற்றையும் தாண்டி ஐந்து வயதுப் பிள்ளை மடியில் ஏறியதால் குழந்தை சாகாது. இந்த மாதத்தில் குழந்தை இறப்பதற்கு நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாதது, தாயின் பிரஷர், சுகர், கிருமித் தொற்று, தொப்புள்கொடிச் சிக்கல் என்று பல காரணங்கள் உண்டு. எல்லாச் சோதனையும் செய்து பார்த்தும் காரணம் பிடிபடாமல் போவதும் நிறைய. உங்கள் விஷயத்தில் டாக்டர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவே இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த பிரசவத்துக்கும் அது தேவைப்படும்.

சரி, யார் சொல்வது? உங்கள் மாமியார். ஆமாம், அவரேதான். விரட்டியது அவர் வாய், அதனால் மாற்றிச் சொல்ல வேண்டியதும் அதே வாய்தான். நீங்கள் ஆயிரம் முறை சொன்னாலும் “பாட்டி வேற மாதிரி சொன்னாங்களே” என்ற முள் அவளுக்குள் இருந்துகொண்டே இருக்கும். “நான் ஏறாதேன்னு சொன்னது அம்மாவுக்கு வலிக்கும்னுதான் கண்ணு. நீ ஏறினதால பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. பாட்டி தப்பா சொல்லிட்டேன்.” இவ்வளவு போதும். பேத்தியிடம் தப்பை ஒத்துக்கொண்டால் பெரியவர்களின் மரியாதை குறைந்துவிடும் என்று நினைக்கும் குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த மரியாதையைக் காப்பாற்ற ஒரு குழந்தையைப் பலி கொடுக்க வேண்டாம்.

அப்புறம் உங்கள் கணவர். “தூங்குது” என்று சொன்னாரே, பிள்ளை இனி எந்த நம்பிக்கையில் ராத்திரி கண்ணை மூடும்? ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தோம் என்றால், நாளைக்குத் தனக்குக் காய்ச்சல் வந்தாலும் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள் என்று நினைக்காதா? சாமி எடுத்துக்கொண்டார் என்பதும் அப்படித்தான். சாமி கும்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் பிள்ளை பிடிப்பவனைப்போல அவரை அவளுக்கு அறிமுகம் செய்யாதீர்கள்.

நீங்கள் இருவரும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நேராகச் சொல்லுங்கள்: “தம்பி வயித்துக்குள்ளேயே செத்துப் போயிட்டான். அவன் இதயம் துடிக்கிறது நின்னு போச்சு. இனிமே வரமாட்டான். அதான் அம்மா அழறேன். உன் மேல கோபம் இல்ல.” செத்துப்போனான் என்ற வார்த்தைக்குக் கூசாதீர்கள். ஐந்தாறு வயது வரை பிள்ளைகளுக்குச் சாவு என்பது ஊருக்குப் போய்த் திரும்புவதுபோலத்தான். நாளைக்கே “தம்பி எப்ப வருவான்?” என்று கேட்பாள். எரிந்து விழாமல் அதே பதிலை அதே வார்த்தையில் சொல்லுங்கள். அழுதுவிட்டு அடுத்த நிமிஷமே விளையாடப் போவாள், அதற்காகக் கல்நெஞ்சுக்காரி என்று திட்டாதீர்கள். “நீயும் செத்துப் போவியாம்மா?” என்றும் கேட்கக்கூடும். “எனக்கு உடம்பு தேறிட்டு வருது, ரொம்ப நாள் உன்கூட இருப்பேன்னு நம்பறேன்” என்று சொல்லுங்கள்.

“தம்பி எங்கே?” என்று கேட்டால்? அதற்கு உங்களிடமே பதில் இல்லையே! பெற்றவளுக்கு முகத்தைக் காட்டாமல் எடுத்துப்போவதை நம் ஊரில் இன்னும் பெரிய கருணையாக நினைக்கிறார்கள். எனக்கு இதில் துளிகூட உடன்பாடு கிடையாது. எங்கே புதைத்தார் என்பதை உங்கள் கணவர் உங்களிடம் சொல்லியாக வேண்டும். நீங்கள் போக விரும்பினால் கூட்டிப்போக வேண்டும். மகளும் வருகிறேன் என்றால் அவளையும்.

ஆபீஸ் விஷயம்: ஆறு வாரம் என்பது கருச்சிதைவுக்கான கணக்கு. மகப்பேறு நலச் சட்டப்படி குழந்தை என்றால் இறந்து பிறந்த குழந்தையும் சேர்த்திதான். 26 வாரத்தைத் தாண்டிய உங்களுடையது பிரசவம். உயிரோடு ஒரே பிள்ளை இருப்பதால், அந்தச் சட்டம் பொருந்தும் நிறுவனமாக இருந்து, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது நீங்கள் வேலை பார்த்திருந்தால், 26 வாரச் சம்பள விடுப்பு கேட்கலாம். எழுத்தில் கேளுங்கள்.

அம்மா வீட்டுக்கு அனுப்புவதா? கூடவே கூடாது. வீட்டிலிருந்து ஒரு பிள்ளை காணாமல் போய்விட்டது, அடுத்து தன்னையும் அனுப்புகிறார்கள் என்று அவள் கணக்குப் போடுவாள். தப்பு செய்தவளுக்குத் தண்டனை என்றுதான் அவள் மனதில் பதியும். உங்களுக்குத் துணை வேண்டுமென்றால் உங்கள் அம்மா இங்கே வரட்டும். மடிக்கு அவளாக வரும்வரை காத்திருக்காதீர்கள், நீங்களே கூப்பிட்டு உட்காரவையுங்கள். உடம்பு வலித்தால் “அம்மாவுக்கு இங்க வலிக்குது, இந்தப் பக்கமா உக்காரு” என்று இடத்தைக் காட்டுங்கள்.

இதெல்லாம் செய்தும் படுக்கையை நனைப்பது, சாப்பிடாமல் இருப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது என்று வாரக்கணக்கில் இழுத்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். உங்களுக்காகவும் பேசுங்கள், கடிதம் முழுக்க மகள், மாமியார், ஆபீஸ் என்று இருக்கிறதே தவிர, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

மாமியார் முடியாது என்று முறுக்கிக்கொண்டால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள். கோபம் வந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், அவருக்கும் பதில் போடுகிறேன்.