ஒரு ஆளுக்கு எதற்கு மூன்று கிலோ தக்காளி?

கேள்வி: அவர் போன வருடம் தவறிவிட்டார். மகள் கல்யாணமாகி அம்பத்தூரில் இருக்கிறாள். நாலு பேருக்குச் சமைத்த கை, இப்போது எதைச் செய்தாலும் மிஞ்சுகிறது, காய் அழுகுகிறது. ஒரே ஆள்தான், ஆனாலும் மளிகைச் செலவு பாதியாகக்கூடக் குறையவில்லையே, ஏன்?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, கை அவ்வளவு சீக்கிரம் மாறாது. நானும் ராயபுரத்தில் மூன்று வருடம் தனியாக இருந்தவள், முதல் மாதம் முழுக்கத் திங்கட்கிழமை வைத்த சாம்பாரைப் புதன்கிழமை கொட்டினேன். அதனால் கையை நம்பாதீர்கள். ஒரு ஆழாக்கை அரிசி டப்பாவுக்குள்ளேயே போட்டு வையுங்கள், ஒரு நாளைக்கு அது ஒன்றுதான் கணக்கு. மதியம் சூடாகச் சாப்பிட்டு, மிஞ்சியதில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் ஒரு சின்ன வெங்காயமும் மோரும் போதும். ரேஷன் புழுங்கல் அரிசி பழைய சோற்றுக்கு அருமையாக இருக்கும், அது இலவசமாகவே கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அங்கேயே கிடைக்கும்போது, கார்டு இருந்தும் வாங்காமல் விடாதீர்கள்.

பணம் போவது பெரும்பாலும் காயில்தான். தள்ளுவண்டிக்காரர் 'மூணு கிலோ நூறு' என்று கூவுகிறார், கடையிலோ தக்காளி கிலோ 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் வாங்குகிறோம், ஐந்தாம் நாள் பாதி கொழகொழவென்று ஆகிவிடுகிறது. சாப்பிட்டது ஒன்றரை கிலோ, கொடுத்தது நூறு, அப்படியானால் கிலோ 66 ரூபாய்க்கு மேல் விழுந்திருக்கிறது. கடையில் கால் கிலோ, கால் கிலோவாக வாங்கியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. கால் கிலோ கேட்கக் கூச்சப்படாதீர்கள், அம்மா. ஒரே கடையில் தொடர்ந்து வாங்குங்கள், 'சாம்பாருக்கு இருபது ரூபாய்க்குக் கலந்து கொடுப்பா' என்றால் ஒரு கேரட், நாலு பீன்ஸ், ஒரு முருங்கைக்காய், இரண்டு கத்திரிக்காய் என்று எடுத்துப் போடுவார், கறிவேப்பிலை கொசுறாக வரும். முளைக்கீரைக் கட்டு ஒருவருக்கு அதிகம்தான், அதனால் இலையை இன்றைக்குக் கடைந்துவிட்டு இளந்தண்டை ஈரத்துணியில் சுற்றி வைத்து நாளைக்குச் சாம்பாரில் போடுங்கள்.

கொத்தவால்சாவடிக்குப் போனால் மலிவு என்று சொல்வார்கள். காய்கறி மொத்த வியாபாரம் 1996லேயே கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும் பருப்பு, மிளகாய், புளிக்கு அது இன்னும் நல்ல இடம்தான். ஆனால் தனி ஆள் ஐந்து கிலோ பருப்பு தூக்கி வந்தால் மழைக்காலத்தில் பாதியை வண்டு சாப்பிடும். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிப்போங்கள், வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். டப்பாவில் நாலைந்து காய்ந்த மிளகாய் போட்டு வைத்தால் வண்டு அவ்வளவாக வராது.

மீனும் அப்படித்தான். காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் போய் வஞ்சிரம் விலை கேட்பதைவிட வார நாளில் விடியற்காலை போய் நெத்திலியோ காரப்பொடியோ ஒரு கூறு வாங்கி, இரண்டு வீடாகப் பிரித்துக்கொள்வது எவ்வளவோ மேல். மீன் குழம்பு மட்டும் இரண்டு நாளைக்குச் சேர்த்தே வையுங்கள், மறுநாள்தான் ருசி கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடை, மீன் விலை ஏறிவிடும். அதற்கு முன்பே கொஞ்சம் கருவாடு வாங்கி வைத்துக்கொண்டால் கத்திரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைக்கலாம்.

இன்னொன்று, இது பணத்துக்காகச் சொல்லவில்லை. 'ஒரு ஆளுக்கு எதற்கு அடுப்பு' என்று ராத்திரி வெறும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதீர்கள். அவர் இருந்தபோது எந்த நேரத்துக்குத் தட்டு வைத்தீர்களோ அதே நேரத்துக்கு உங்களுக்கும் வையுங்கள்.

கேள்வி: வியாசர்பாடியில் ஒரு ரூம், ஃபிரிட்ஜ் இல்லை, ஒற்றை அடுப்பு. ஓட்டலிலேயே சம்பளம் கரைகிறது. எங்கிருந்து ஆரம்பிக்க?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: தம்பி, இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று வாங்குங்கள். அடியில் பருப்பு, மேலே கிண்ணத்தில் அரிசி, இரண்டும் ஒன்றாகவே வெந்துவிடும். அந்தப் பருப்பில் கொஞ்சம் எடுத்து ரசம், மீதியில் பூண்டும் மிளகாயும் தாளித்தால் ராத்திரிக்கும் ஆயிற்று. ஃபிரிட்ஜ் இல்லாதவர் முட்டையை டஜன் கணக்கில் வாங்க வேண்டாம், நாலு நாலாக வாங்குங்கள். காலையில் சமைக்க நேரமில்லை என்றால் அம்மா உணவகத்துக்குப் போங்கள், 2013ல் ஆரம்பித்தபோது வைத்த அதே ஒரு ரூபாய்க்குத்தான் இட்லி. ராத்திரி ஒரு வேளை ரூமில் சமைக்க ஆரம்பியுங்கள், ஒரு மாதம் கழித்து எவ்வளவு மிஞ்சியது என்று எழுதுங்கள்.