அடைக்கோழியா, முட்டைக்கோழியா? வாசகர் கேள்வி பதில்

எங்கள் சிறுவிடை (சிறிய உடல்வாகு நாட்டுக்கோழி) பெட்டை 13 முட்டை வைத்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடுகிறது. தண்ணீரில் முக்கி எடுத்தால் தெளியும் என்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைக் குத்துவது இரண்டுமே கோழியை வதைப்பதுதான். மூக்குத் துளை புண்ணானால் சளி வேறு சேர்ந்துகொள்ளும்.

அடை ஒரு நோய் அல்ல. கூட்டின் கதகதப்பில் உட்கார உட்காரப் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும். அது ஏறியிருக்கும்வரை சினைப்பை முட்டை கட்டாது. ஆகவே அந்தக் கதகதப்பை எடுத்துவிட்டால் போதும். அடிப்பக்கம் கம்பிவலை உள்ள கூண்டைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் வையுங்கள். வைக்கோல், சாக்கு எதுவும் உள்ளே கூடாது. தீவனமும் தண்ணீரும் வழக்கம்போல இருக்கட்டும். பட்டினி போட்டால் அடுத்த முட்டை ஈடு தள்ளிப்போகும். 3 அல்லது 4 நாளில் திறந்துவிட்டுப் பாருங்கள். மண்ணைக் கிளறி மேயப் போனால் தெளிந்துவிட்டது. நேராகப் பழைய கூட்டுக்கு ஓடினால் இன்னும் 2 நாள் கூண்டில் இருக்கட்டும். அடை படுத்த முதல் நாளே பிடித்துப் போட்டால் சீக்கிரம் தெளியும். பத்து நாள் கழித்து என்றால் பாடுதான்.

முதல் நாளை எப்படிக் கண்டுபிடிப்பது? மாலையில் மற்றவை கூடடைந்த பிறகும் முட்டைக் கூட்டிலேயே இருக்கும். கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக் கொர்ரென்று உறுமும். மார்பில் இறகு உதிர்ந்து தோல் சூடாகத் தெரியும். தினம் ஒருமுறை மட்டும் எழுந்து, உருண்டையாக, நாற்றமடிக்கும் பெரிய எச்சம் போடும். இந்த எச்சம்தான் தப்பாத அடையாளம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வைக்கும் சிறுவிடையை, முட்டை குறைவு என்று கழித்துவிடாதீர்கள். இன்குபேட்டரும் கரண்டும் இல்லாமல் 21 நாளில் குஞ்சு இறக்கி, பருந்து நிழல் விழுந்தாலே இறக்கைக்குள் அணைத்துக்கொள்ளும் தாய் அது. இரண்டு பெட்டை இருந்தால் ஒன்றையாவது அடையில் விடுங்கள். ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டையாகப் பார்த்து 10 வையுங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்து, இரத்த நாளம் ஓடாத கூமுட்டையை எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்குத் தினம் 2 முட்டை வேண்டும். எந்த இனம் வாங்கலாம்?

கிராமப்பிரியா 5 பெட்டை. ஹைதராபாத் கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் உருவான இனம். புறக்கடையில் நல்ல தீவனம் கொடுத்தால் ஆண்டுக்கு 160 முதல் 180 பழுப்பு முட்டை வைக்கும். அடை படுப்பது அபூர்வம், சாது, எளிதில் பழகும். ஆனால் அதன் முட்டையை அடை வைக்க வேண்டுமென்றால் சிறுவிடையின் வயிற்றடியில்தான் வைக்க வேண்டும். அதில் வரும் குஞ்சு வளர்ந்து தாய் அளவுக்கு முட்டை வைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அது கலப்பினம்.

வெள்ளை லெகார்ன் இன்னும் அதிகம் வைக்கும். ஆனால் படபடப்பு அதிகம், சின்னச் சத்தத்துக்கும் பறந்து மோதும்.

கடக்நாத் முட்டை கறுப்பாக இருக்குமா?

இருக்காது. இளம் பழுப்பு ஓடுதான். கறுப்பு என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதி இனம் இது. தோல், எலும்பு, உள்ளுறுப்பு வரை கறுப்பு படர்ந்திருக்கும், முட்டை ஓட்டில் அல்ல. அடை காப்பதில் இதை நம்ப முடியாது.

புதிதாக வாங்கிய அசில் பெட்டையைப் பழைய கோழிகள் கொத்துகின்றன. இல்லை, அதுவே எல்லாவற்றையும் கொத்துகிறது!

இரண்டாவதுதான் நடந்திருக்கும். அசில் பெட்டைக்கும் சண்டைக் குணம் உண்டு, குஞ்சிலேயே மோதிக்கொள்ளும். ஒரு வாரம் வலைக்கு இருபுறமும் விட்டு முகம் பழக்குங்கள். பிறகு இருட்டிய பின் கூட்டில் சேருங்கள். தீவனத் தட்டை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரே தட்டில்தான் பாதிச் சண்டை. இரத்தம் வந்த கோழியை உடனே பிரித்து வையுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாது.

வெயிலில் தோல்முட்டை (ஓடு கெட்டியாகாத முட்டை) வருகிறது, அதைக் கோழியே கொத்தித் தின்கிறது.

முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம். கோழி வெப்பத்தில் வாய் பிளந்து இரைக்கும்போது ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைகிறது, தீனியும் குறைகிறது. 60 கிராம் முட்டை ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஓடு பெரும்பாலும் இரவில்தான் கட்டுகிறது. அதனால் கிளிஞ்சலை அரிசிக் குருணை அளவுக்கு உடைத்து, மாலை 4 மணிக்குத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். மாவாக இடித்தால் குடலில் நிற்காமல் போய்விடும். நிழலில் குளிர்ந்த தண்ணீர் வையுங்கள். முட்டையைக் காலை 10, மதியம் 2 என இருமுறை எடுங்கள். ஒரு சதுர அடிக் கூட்டில் கனமாக வைக்கோல் போட்டு, வாசலில் சாக்குத் திரை தொங்கவிடுங்கள். இருட்டில் கோழிக்கு முட்டை தெரியாது, கொத்தவும் வராது.