வாசகர் கேட்கிறார்: பந்தயமா, ஊர்க்காட்சியா?

கேள்வி: டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பார்க்க டிவி முன்னால் உட்கார்ந்தால் கோட்டை, மாதா கோயில், சூரியகாந்தி வயல் என்று ஊரையே சுற்றிக் காட்டுகிறார்களே, ஏன்? (தேவகோட்டை வாசகர்)

பதில்: பந்தயத்தில் அப்போது ஒன்றும் நடக்கவில்லை, அதனால்தான். சமதளத்தில் ஓடும் நாளில் நாலு பேர் முன்னால் பிரிந்து போவார்கள். பின்னால் வரும் பெருங்கூட்டம் அவர்களை விட்டுப் பிடிக்கும். கடைசி அரை மணிதான் அடிதடி. ஆனால் 2017 முதல் ஒவ்வொரு நாள் ஓட்டத்தையும் தொடக்கம் முதல் முடிவு வரை நேரலையில் காட்டுகிறார்கள். நாலு மணி நேரத்துக்கும் சைக்கிள்காரர் முதுகையே பார்க்க முடியுமா?

இன்னொன்று, தொடங்கும் ஊரும் முடியும் ஊரும் பந்தயம் நடத்துகிறவர்களுக்குப் பணம் கட்டுகின்றன. காசு கட்டின ஊரைக் காட்டாமல் விடலாமா? விவசாயிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஹெலிகாப்டர் வரும் நேரம் பார்த்து, வயலில் வரைந்த ராட்சச சைக்கிளின் சக்கரத்துக்குள் டிராக்டரை வட்டமாக ஓட்டுவார்கள். மேலிருந்து பார்த்தால் சக்கரம் சுழல்வதுபோலவே இருக்கும். எனக்குப் பந்தயத்தைவிட அதுதான் பிடிக்கும். (1903-இல் இதைத் தொடங்கியதே ஒரு பத்திரிகை, தன் விற்பனையைக் கூட்டத்தான். எங்கள் ஆசிரியர் கவனத்துக்கு.)

கேள்வி: நேரில் போய்ப் பார்த்தால் நன்றாக இருக்குமா? (அதே வாசகர்)

பதில்: காலையிலேயே போய் இடம் பிடிக்க வேண்டும். முதலில் விளம்பர வண்டிகள் வரிசையாக வந்து தொப்பி, தின்பண்டம் எல்லாம் வீசிக்கொண்டு போகும். அப்புறம் வெகுநேரம் காத்திருந்தால் கூட்டம் 'விர்ர்' என்று ஒரு நிமிஷத்தில் கடந்துவிடும்.

இதற்கு நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயம் தேவலை. பெரிய மாட்டுப் பிரிவில் போக வர எட்டு மைல் என்றால் இரண்டு தரம் பார்க்கலாம். போன வைகாசியில் ரோட்டோரப் புளியமரத்தடியில் குடையோடு நின்றேன். வண்டிகள் கிளப்பிய புழுதியில் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் தூரத்தில் சாரதியின் தலைத்துண்டுதான் தெரிந்தது. சரி, வீடியோவில் பார்ப்போம் என்று ராத்திரி போனில் போட்டேன். பைக்கில் கூடவே போய் எடுத்திருந்தார்கள். முழுக்க மாட்டு வால், ஹாரன் சத்தம். வழியில் கண்மாய் உண்டு, நெற்றியில் கஜலட்சுமி சுதை வைத்த செட்டியார் வீடு உண்டு, அய்யனார் கோயில் குதிரைகள் உண்டு. ஒரு நொடிகூடக் கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதைச் சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன். "எந்த ஊருப்பா இது?" என்று கேட்டாள். ஓரத்தில் என் குடை தெரிந்த இடத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது.